புதிய ஆசிரியரை ஊர் கண்டுகொள்ள வேண்டும்

ஆண்டுதோறும் செப்டம்பர் 5 வந்தால் நல்லாசிரியர் விருது பெற்றவர்களின் படங்கள் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் வருகின்றன. பொன்னாடை, சான்றிதழ், வெள்ளிப் பதக்கம், பக்கத்தில் அமைச்சர். படத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். அவர்களின் உழைப்பில் நமக்கு ஐயமில்லை, அவர்களை வாழ்த்துவோம். நாம் இன்று பேச விரும்புவது அந்தப் படத்தில் இடம்பெறாத ஒருவரைப் பற்றி. வேலைக்கு வந்து இரண்டு மூன்று ஆண்டுகளே ஆனவர். தொடக்கப் பள்ளியில் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்துபவர். அறிவியலைப் புத்தகத்திலிருந்து எடுத்துப் பிள்ளைகளின் கையில் கொடுப்பவர். அவரை யார் கண்டுகொள்கிறார்கள்?

விதி என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். தேசிய நல்லாசிரியர் விருது 1958 முதல் வழங்கப்பட்டு வருகிறது. 50,000 ரூபாய் ரொக்கம், வெள்ளிப் பதக்கம், சான்றிதழ். 2018-க்குப் பிறகு ஆசிரியர்கள் தாங்களே இணையவழி விண்ணப்பிக்கும் முறை வந்தது. ஆனால் விண்ணப்பிக்கக் குறைந்தது 10 ஆண்டுகள் பணி முடித்திருக்க வேண்டும். முறையான பணியில் இருக்க வேண்டும். ஒப்பந்த ஆசிரியர்களுக்கு இடமில்லை. சிற்றூர்ப் பள்ளிகளுக்கு இந்த விருது வந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. 2022-ல் ராமநாதபுரம் மாவட்டம் கீழாம்பல் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ராமச்சந்திரன் பெற்றார். 2024-ல் வேலூர் மாவட்டம் ராஜாக்குப்பம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர் கோபிநாத் பெற்றார். சிறிய ஊரின் கதவு திறந்துதான் இருக்கிறது. புதியவருக்கான கதவுதான் 10 ஆண்டுகள் பூட்டிக் கிடக்கிறது.

இந்த விதியைச் சாவித்திரிபாய் புலேக்குப் பொருத்திப் பாருங்கள். அவர் பிறந்தது 1831 ஜனவரி 3. புனேயில் பெண் பிள்ளைகளுக்கான பள்ளியில் அவர் பாடம் நடத்தத் தொடங்கியது 1848-ல். அப்போது அவருக்கு வயது 17. தெருவில் அவர் மேல் சேறும் சாணமும் வீசப்பட்டது அந்தத் தொடக்க ஆண்டுகளில்தான். புலே தம்பதியர் நடத்திய பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா சால்வே, தன் மக்கள் படும் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1855-ல் 'ஞானோதயா' இதழில் வெளிவந்தது. முதல் பள்ளி தொடங்கி 7 ஆண்டுகளுக்குள் ஒரு தலித் சிறுமியின் கையில் எழுத்து ஆயுதமாகிவிட்டது. இன்றைய விதிப்படி சாவித்திரிபாய் விருதுக்கு விண்ணப்பிக்க மேலும் 3 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்! வரலாற்றை மாற்றிய ஆசிரியை தன் பெரும்பணியைச் செய்தது புதிய ஆசிரியையாக இருந்த காலத்தில்தான்.

இதை ஏன் தலித் மக்களின் பிரச்சினையாகப் பேசுகிறோம் என்று சிலர் கேட்கலாம். அரசுத் தொடக்கப் பள்ளியில் இன்று யார் பிள்ளைகள் படிக்கிறார்கள்? காசுள்ளவர் பிள்ளைகள் மஞ்சள் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலும், மாநகராட்சிப் பள்ளியிலும், மாநிலமெங்கும் ஆயிரத்துக்கும் மேலிருக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் மிஞ்சியிருப்பவர்களில் பெரும்பகுதி நம் பிள்ளைகள். காலனியிலிருந்து வரும் பிள்ளைக்கு வீட்டில் அறிவியல் சொல்லித்தர ஆளில்லை. தனிப்பயிற்சிக்கு அனுப்பக் காசில்லை. அந்தப் பிள்ளைக்கு வாய்க்கும் முதல் அறிவியல் ஆசிரியர், பல வேளைகளில் ஒரே அறிவியல் ஆசிரியர், அந்த இடைநிலை ஆசிரியர்தான். அவர் சோர்ந்தால் நம் பிள்ளைக்கு அறிவியல் அங்கேயே முடிந்துவிடும்.

உண்மையில் தொடக்கப் பள்ளியில் 'அறிவியல் ஆசிரியர்' என்று ஒரு பணியிடமே கிடையாது. 60 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 2 ஆசிரியர்கள் என்கிறது 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ஐந்து வகுப்புகளையும் எல்லாப் பாடங்களையும் அந்த இருவரே பார்க்க வேண்டும். ஒருவர் கூட்டத்துக்குப் போனால் மற்றவர் தலையில் ஐந்து வகுப்பும் விழும். ஆய்வகம் இல்லை, உதவியாளர் இல்லை. 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-ல் வந்தபோது அதன் கவனம் பெயருக்கேற்ப எழுத்திலும் எண்ணிலும் இருந்தது. அது தேவையான திட்டம்தான். ஆனால் அறிவியலுக்கான சிறப்புத் திட்டங்களைப் பாருங்கள். 2022 நவம்பரில் தொடங்கிய 'வானவில் மன்றம்' 6-ம் வகுப்பு முதல் 8-ம் வகுப்பு வரைக்குமானது. மாணவர் கண்டுபிடிப்புகளுக்கு ஒன்றிய அரசு தரும் 'இன்ஸ்பயர் மானக்' விருதும் 6-ம் வகுப்பிலிருந்துதான். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பங்கேற்க 10 வயதாக வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையிடம் 'ஏன்' என்ற கேள்வி ஊற்றாகப் பொங்கும்போது அரசின் கை அங்கே நீளவில்லை. அந்த வயதில் அந்தக் கேள்வியைக் காப்பாற்றுகிறவர் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் மட்டுமே.

நம் செவ்வாய்ப்பேட்டையை எடுத்துக்கொள்வோம். அறிவியல் பாடம் இங்கே தெருவிலேயே கிடக்கிறது. கொலுசுப் பட்டறைகளில் வெள்ளி உருகுவது ஏறத்தாழ 962 டிகிரி செல்சியஸில். வெள்ளியோடு செம்பு சேர்ப்பது ஏன், பற்றவைப்பு உருகும்போது கொலுசு உருகாமல் இருப்பது எப்படி, பூந்திக்கொட்டை நுரை மெருகு ஏற்றுவது எதனால், பீரோவில் வைத்த கொலுசு கறுப்பது எதனால் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். வெல்ல மண்டியில் பளிச்சென்ற மஞ்சள் வெல்லம் ஏன் விலை போகிறது, கறுத்த வெல்லம் ஏன் போகவில்லை, அந்த நிறத்துக்காகச் சிலர் என்ன கலக்கிறார்கள் என்பது வேதியியலும் உணவுப் பாதுகாப்பும் சேர்ந்த பாடம். லாரியிலிருந்து மூட்டை இறக்கும் சுமைப்பணித் தொழிலாளி பலகையைச் சாய்த்துப் போடுகிறாரே, அதுதான் பாடப்புத்தகத்தில் வரும் சாய்தளம். அந்தத் தொழிலாளியின் மகள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். தன் அப்பா தினமும் செய்வதற்கு ஒரு பெயர் உண்டு, அதற்கு ஒரு விதி உண்டு என்று தெரியவரும்போது அவள் முகத்தில் தோன்றும் வெளிச்சத்தை எந்தத் தேர்வாலும் அளக்க முடியாது.

இப்படிப் பாடம் நடத்தும் இளம் ஆசிரியர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். வேலைக்கு வந்து இரண்டாண்டு ஆன ஓர் ஆசிரியையின் வகுப்பை நாம் பார்த்தோம். காலி மருந்துப் புட்டி, சைக்கிள் டியூப், ஊசி போடும் குழல், தேங்காய்ச் சிரட்டை இவைதான் அவருடைய ஆய்வகம். எல்லாம் சொந்தச் செலவு. இரண்டு சிரட்டைகளில் தண்ணீர் வைத்து, ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் வைத்து, எது முதலில் வற்றும் என்று பிள்ளைகளையே பந்தயம் கட்டச் சொன்னார். தோற்ற பிள்ளைகள்தான் அதிகம் கேள்வி கேட்டார்கள். "இதெல்லாம் பதிவேட்டுல எந்தக் கலத்துல எழுதறதுன்னு தெரியலைங்க" என்றார் அவர். ஆய்வுக்கு வருகிறவர்கள் பதிவேட்டைப் பார்க்கிறார்கள், சிரட்டையைப் பார்ப்பதில்லை.

இங்கே இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். புதுமையாகக் கற்பிப்பது மட்டும் போதாது. அந்தப் புதுமை எல்லாப் பிள்ளைகளின் கைக்கும் எட்டியதா என்பதே நம் கேள்வி. அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் கணக்குப் போடக் கரும்பலகைக்கு அழைக்கப்பட்டபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்கள் தீட்டுப்பட்டுவிடும் என்று மற்ற பிள்ளைகள் ஓடிப்போய் எடுத்தார்கள். அது ஒரு காலம் என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. 1995-ல் இதே சேலம் மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில், மற்ற சாதியாருக்கென வைத்திருந்த பானையில் தண்ணீர் குடித்ததற்காக ஆசிரியர் அடித்ததில் ஒரு தலித் சிறுமி ஒரு கண்ணின் பார்வையை இழந்தாள். 2022-ல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை ஒருவர் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது; பிள்ளைகள் நோயுற்ற பிறகே அது தெரியவந்தது.

இந்த மண்ணில் 'தண்ணீர்' என்ற பாடத்தை நடத்தும் ஆசிரியர், நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது என்று மட்டும் சொல்லிவிட்டு நகர முடியாது. ஒரே பானையில் எல்லாப் பிள்ளைகளும் மொண்டு குடிக்கும் வகுப்பறையே தண்ணீரைப் பற்றிய முதல் சோதனை. வடிகட்டி செய்யும்போது மணலைத் தொடுவது யார், கண்ணாடிக் குவளையைப் பிடிப்பது யார், கடைசியில் கழுவி வைப்பது யார் என்று பார்த்தால் அந்த வகுப்பின் சாதிக்கணக்கு தெரிந்துவிடும். உருப்பெருக்கி சிலர் கையிலும் துடைப்பம் சிலர் கையிலும் இருக்கும் வகுப்பு, எத்தனை புதுமையானதாக இருந்தாலும், அறிவியல் வகுப்பு ஆகாது.

பறையை அடிக்கும் முன் தீயில் காய்ச்சுகிறோமே, அது ஏன்? காற்றின் ஈரத்தை உள்வாங்கித் தளர்ந்த தோல் சூட்டில் இறுகுகிறது; இறுகிய தோல் வேகமாக அதிர்கிறது; ஓசை உயர்கிறது. ஒலி பற்றிய பாடத்துக்கு இதைவிட நல்ல கருவி வேண்டுமா? இழிவு என்று சொல்லி வைத்த தொழிலில் அறிவு இருக்கிறது என்று பிள்ளைகள் எல்லோரும் அறிந்துகொள்ளும் இடமாக அந்த வகுப்பு ஆகும். ஆனால் "உங்க வீட்டுலதான் பறை இருக்குமே, எடுத்துட்டு வா" என்று ஒரு பிள்ளையை மட்டும் பார்த்துச் சொன்னால், அது அறிவியலின் பெயரால் சாதியைச் சுட்டிக்காட்டுவது. பறையை ஆசிரியரே வாங்கி வந்து எல்லோர் கையிலும் கொடுப்பது வேறு. பிள்ளையின் வீட்டைக் காட்டிக்கொடுப்பது வேறு. இந்த வேறுபாடு தெரிந்த ஆசிரியரைத்தான் நாம் தேடுகிறோம். நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. வரிசையை மாற்ற ஓர் ஆணை போதும். அந்த வரிசைக்குள் ஒரே சோதனைப் பொருளை நான்கு பிள்ளைகள் சேர்ந்து தொடும்படி செய்ய ஓர் ஆசிரியர் வேண்டும்.

ஒரு பிள்ளையைச் சரியான வயதில் கண்டுகொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு மேகநாத் சாகா சான்று. 1893-ல் டாக்கா அருகே சியோரத்தலி என்னும் சிற்றூரில் சிறு கடைக்காரர் வீட்டில் பிறந்தவர். ஊரில் தொடக்கப் பள்ளி மட்டுமே இருந்தது. அதற்கு மேல் படிக்க, தொலைவில் இருந்த ஒரு மருத்துவர் தம் வீட்டில் இடம் கொடுத்தார். இல்லையென்றால் அவர் கடையில் உட்கார்ந்திருப்பார். பின்னாளில் கல்கத்தா விடுதியில் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட அதே மனிதர், 1920-ல் விண்மீன்களின் ஒளியைப் படித்து அவற்றின் வெப்பநிலையை அறிய வழிசெய்யும் சமன்பாட்டைத் தந்தார். உலகம் முழுதும் வானியலார் அதைச் 'சாகா சமன்பாடு' என்று படிக்கிறார்கள். ஒரு தொடக்கப் பள்ளிப் பையன் அங்கேயே நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டதன் பலன் அது.

தலித் பிள்ளைகளுக்குக் கைவழிக் கல்வி என்பது நமக்குப் புதிதும் அல்ல. 1894-ல் சென்னை அடையாறில் கர்னல் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளிகளில், பொருளைக் கையில் கொடுத்து விளையாட்டாகக் கற்பிக்கும் கிண்டர்கார்டன் முறை அந்தக் காலத்திலேயே கையாளப்பட்டது. ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பள்ளியில்தான் அன்றைக்குப் புதுமை நடந்தது. நூற்றாண்டு கடந்து இன்று நம் பிள்ளைகளுக்கு மனப்பாடமும் வசதியுள்ளவர் பிள்ளைகளுக்குச் செய்முறையும் என்று ஆகிவிடுமானால், அது பின்னோக்கிய பயணம்.

புதிய ஆசிரியர்களின் நிலையையும் பார்ப்போம். பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2024-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் 1,768 இடைநிலை ஆசிரியர் பணியிடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டது. பின்னர் மேலும் 1,000 இடங்கள் சேர்க்கப்பட்டன. ஆக, புதிய தலைமுறை ஒன்று இப்போதுதான் தொடக்கப் பள்ளிக்குள் வருகிறது. இடைப்பட்ட காலத்தில் காலியிடங்களை நிரப்ப 2022-ல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். இடைநிலை ஆசிரியருக்கு முதலில் அறிவித்த மாதத் தொகுப்பூதியம் 7,500 ரூபாய். பிறகு அது 12,000 ஆனது. அவர்களில் எத்தனையோ பேர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள், நம் தெருவிலிருந்து போனவர்கள். முறையான பணியில் இருப்பவர்களுக்குள்ளும், 2009 ஜூன் 1-க்கு முன் சேர்ந்தவருக்கு ஓர் அடிப்படை ஊதியம், பின் சேர்ந்தவருக்கு அதைவிடக் குறைந்த ஓர் அடிப்படை ஊதியம் என்று பிளவு வந்தது. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். இந்த நிலையில் வெறும் பாராட்டு வயிற்றை நிரப்பாது என்பது நமக்குத் தெரியும். ஊதியக் கோரிக்கைக்குப் பதிலாக விருதை நாம் கேட்கவில்லை. இரண்டும் வேண்டும். ஊதியம் உழைப்புக்கான உரிமை. கண்டுகொள்வது அந்த உழைப்பு எதற்காக என்பதைச் சமூகம் புரிந்துகொண்டதற்கான அடையாளம்.

"வந்த உடனே பாராட்டினால் தலைக்கனம் வந்துவிடும், அனுபவம் வரட்டும்" என்று மூத்தவர்கள் சொல்வதுண்டு. அனுபவத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் யாரும் பார்க்காத புதுமை பத்தாண்டு தாங்காது. முதலாண்டில் சிரட்டையும் புட்டியுமாக வருபவர், "இதெல்லாம் எதுக்கு வேண்டாத வேலை" என்ற சொல்லை நாலு தடவை கேட்டால் ஐந்தாம் ஆண்டில் பதிவேட்டை மட்டும் எழுதத் தொடங்கிவிடுவார். பத்தாம் ஆண்டில் விருதுக்கு விண்ணப்பிக்க அவரிடம் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. 2002-ல் அரசு அதை நிறுத்தும்வரை 30 ஆண்டுகள் நடந்தது. அங்கே கிராமத்து ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடினார்கள். யார் வகுப்பில் எந்தச் சோதனை தோற்றது, பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று பேசினார்கள். ஓர் ஆசிரியரின் அனுபவம் மற்ற ஆசிரியர்களின் பாடமானது. ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை. மேடையில் ஒரு நிமிடம் நிற்பதைவிட, தன் வேலையைச் சக ஆசிரியர்கள் காதுகொடுத்துக் கேட்பது அவரை நெடுநாள் நிமிர வைக்கும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவது, பணியில் சேர்ந்து ஐந்தாண்டுக்குள் இருக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கென, அறிவியல் கற்பித்தலுக்காக, மாவட்ட அளவில் தனி அங்கீகாரம் வேண்டும். சாவித்திரிபாய் பிறந்த ஜனவரி 3 அதற்குப் பொருத்தமான நாள். இரண்டாவது, தற்காலிக ஆசிரியர்களையும் ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆசிரியர்களையும் அதில் சேர்க்க வேண்டும். மூன்றாவது, கோப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வகுப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளின் கையும் பொருளைத் தொட்டதா, கழுவும் வேலையும் சோதிக்கும் வேலையும் எல்லோருக்கும் பகிரப்பட்டதா என்பது முதல் அளவுகோலாக இருக்க வேண்டும். நான்காவது, பரிசு பொன்னாடையாக இருக்க வேண்டாம். பள்ளிக்கு ஓர் உருப்பெருக்கி, ஒரு தராசு, ஒரு வெப்பமானி, சொந்தக் காசில் செலவழித்ததற்கு ஈடு, குறுவள மையக் கூட்டத்தில் தன் பாடத்தை நடத்திக்காட்ட ஒரு மணி நேரம். ஐந்தாவது, அந்த ஆசிரியரைத் தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் பணி என்று கல்வி உரிமைச் சட்டம் அனுமதித்தவை தவிர வேறு எழுத்து வேலைகளுக்கு இழுக்கக் கூடாது.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை; தலைவர் பொறுப்பில் இருப்பவரும் பெற்றோர்தான். பல ஊர்களில் நம் பெண்கள் அந்த நாற்காலியில் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில், "எங்கள் பள்ளியின் புதிய ஆசிரியர் இன்ன சோதனையைப் பிள்ளைகள் எல்லோர் கையாலும் செய்ய வைத்தார், இக்குழு அதைப் பாராட்டுகிறது" என்று ஒரு தீர்மானம் எழுதி, கையெழுத்திட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு படி அனுப்பலாம். கிராமசபையில் அதை வாசிக்கலாம். மாநகராட்சிப் பகுதியில் இருக்கும் நாம் பகுதி சபாவில் பேசலாம். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

மாணவத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கல்லூரியில் அறிவியல் படிப்பவர்கள் ஊருக்கு வரும்போது, நீங்கள் படித்த தொடக்கப் பள்ளிக்குள் ஒரு முறை போங்கள். அங்கே இருக்கும் இளம் ஆசிரியர் உங்களுக்குப் பாடம் நடத்தியவராக இருக்க மாட்டார். ஆனாலும் அரை நாள் அவரோடு உட்காருங்கள். சோதனைப் பொருள் சேகரித்துக் கொடுங்கள். அவர் வகுப்பில் நடந்ததை எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அவர் ஒப்புக்கொண்டால் இந்தப் பத்தியில் வெளியிடுவோம். சாதிச் சான்றிதழோடு பள்ளிக்குள் நுழையும் நம் பிள்ளை, ஒரு கேள்வியோடு வெளியே வர வேண்டும். அந்தக் கேள்வியை முதலில் கேட்கக் கற்றுத்தந்தவரை அவர் இளமையிலேயே ஊர் அறிந்திருக்கட்டும்.